தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவே

போன மாதம் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். நான் பேசப்போகும் பேச்சுக்காகப் போர்த்தியது. பேச்சை நான் பேசவில்லை. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. புதுச்சேரி கருவடிக்குப்பத்து வீட்டில் அது இப்போது டி.வி.யைத் தூசியிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. "பேசாததை எழுதியாவது குடுங்க மேடம்" என்று என் பழைய துறையின் பெண்கள் நச்சரிக்கிறார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை என்று அவர்களுக்கு எண்ணம். சரி, எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் விண்வெளிக்குப் போகிறவர்களின் உடல்நலத்துக்கென்று ஒரு பிரிவு திறந்தார்கள். பெயரெல்லாம் எதற்கு, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மருத்துவமனைதான். வாசலில் பேனர் வைத்திருந்தார்கள். அதில் தலைவர்கள் படம் பெரிதாகவும் ராக்கெட் நடுத்தரமாகவும் விண்வெளி வீரர் அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாகவும் இருந்தார். அங்கே பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்கே முதலில் புரியவில்லை. விண்வெளிக்கு மிக அருகில் நான் போன இடம் வடகம் காயவைக்கிற எங்கள் மொட்டை மாடி.

நான் ஒரு இயன்முறை மருத்துவர். இந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நோயாளிகளுக்கு நான் "கரண்ட் வைக்கிற அம்மா". படித்ததும் பயிற்சி எடுத்ததும் பெரிய கதை இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லாவற்றையும் மறந்தேன். எங்கள் துறை சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. மெழுகு ஒத்தடத் தொட்டி ஒன்று, கயிறும் கப்பியும் கொஞ்சம், முதுகைப் பிடித்து இழுக்கிற கட்டில் ஒன்று. கை கால் வலி என்று வருகிறவர்கள் கரண்ட் வைத்துக்கொண்டு, வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்யாமல், மறுநாள் திரும்ப வருவார்கள். இப்படியே பல வருடம் ஓடியது.

அப்புறம் டாக்டர் அந்துவான் வந்து சேர்ந்தார். நரம்பு, தசை நோய்களுக்கான டாக்டர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இவரும் பிரான்சில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்து, எல்லாரும் அங்கே போகத் தவம் கிடக்கிற காலத்தில் இங்கே திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று ஊரில் நாலைந்து கதைகள் உலவின. அவரிடம் கேட்டால் "மீன் குழம்பு" என்பார்.

அவருக்கு எல்லா ஆண்களும் முசியே, எல்லாப் பெண்களும் மதாம். மீன் விற்கிற அம்மாவும் மதாம், ஆட்சியர் மனைவியும் மதாம். எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்த பிறகும் என்னை மட்டும், கல்யாணமாகாத பெண்ணைச் சொல்வதுபோல், மத்முவாசெல் என்றே கூப்பிட்டார். யாராவது நோயாளியை அவசரமாகத் தூக்கினால் "துஸ்மாம், துஸ்மாம்" என்பார். மெதுவாக என்று அர்த்தம். அவர் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வார்டில் ஆயாக்கள்கூடத் துஸ்மாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நோயாளியை ஏற்றுகிற எந்தச் சாதனத்திலும் முதலில் அவர் ஏறுவார். முதுகு இழுக்கிற கட்டிலில் ஒருநாள் தன்னைக் கட்டச் சொன்னார். கட்டினோம். அதற்குள் எனக்கு ஒரு போன் வந்தது, வார்டு உதவியாளர் வேலாயுதம் டீ வாங்கப் போய்விட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது டாக்டர் கட்டிலிலேயே இருந்தார். கோபமே இல்லை. "நோயாளிய மறந்துட்டுப் போனா எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சுகிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு நான் யாரையும் கட்டிலில் விட்டுவிட்டு நகர்ந்ததில்லை.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'ரெஸ்ட்'. "ரெஸ்ட்டும் மருந்துதான் மத்முவாசெல். எவ்வளவு, எத்தனை நாளுன்னு அளவு போட்டுக் குடுக்கணும். அளவில்லாம குடுத்தா விஷம்" என்பார். உடம்பு சரியில்லாதவரைப் படுக்கப்போட்டு, சுற்றி உட்கார்ந்து அழுவதுதான் அன்பு என்று நம்புகிற ஊரில் இதைச் சொல்லிவந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி மங்கையின் கதை. புதுச்சேரியில் சாரம் பகுதியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அவள் அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது வீடும் பாதி மூடிக்கொண்டது. மங்கைக்கு முதலில் தையல் மிஷின் மிதிப்பலகை காலில் நிற்காமல் நழுவியது. அப்புறம் நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது. அப்புறம் அவளே விழுந்தாள். காற்று கருப்பு என்று ஒரு சுற்று, சத்துக்குறைவு என்று ஒரு சுற்று முடித்து எங்களிடம் வந்தாள். டாக்டர் அந்துவான் கண்டுபிடித்த நோயின் பெயரை அவள் கணவன் ஏழுமலையால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. எனக்கே எழுதிவைத்துப் பார்த்தால்தான் வரும். பாதத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறுகிற தசை நோய். மருந்து கிடையாது. இதில் ஒரு விநோதம், முன்தொடைத் தசையை மட்டும் அது பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். கொள்ளையடிக்க வந்தவன் பூஜை அறையை மட்டும் விட்டுப்போவதைப் போல.

அந்த நோய் உள்ளவள் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான், எங்களுக்குத் தெரிந்து. டாக்டர் அவளுடைய ஒவ்வொரு தசையின் பலத்தையும் அளந்து வைக்கச் சொன்னார். நடந்துகொண்டிருக்கிறவளை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்டேன். "ராக்கெட்ல போறவங்கள ஏறதுக்கு முந்தியே அளந்து வெச்சுக்கறாங்க. திரும்பி வந்தப்புறம் எதோட ஒப்பிடறது? நம்ம ஆளுங்கள விழுந்தப்புறம்தான் அளக்கறோம்" என்றார். விண்வெளிக்குப் போகிறவர்கள் நாலு பேர், எங்கள் நோயாளி ஒருத்தி. நூறு பேரோடு ஒப்பிட வழியில்லாதபோது அவரவர் நேற்றோடுதான் அவரவரை ஒப்பிட வேண்டும். எனக்கு ராக்கெட் கதை அப்போதுதான் முதலில் காதில் விழுந்தது. வேலாயுதம் அதைக் கேட்டுவிட்டு, டாக்டருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வார்டு முழுவதும் சொல்லிவிட்டார்.

மறு வருடம் மங்கை வாசற்படியில் தடுக்கிக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டாள். ஏழுமலை அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மருத்துவமனைக்குள் வந்தான். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர், தோள்கள் வண்டி மாடு மாதிரி இருக்கும். வரிசையில் நின்றவர்கள் ஐயோ பாவம் என்று வழி விட்டார்கள். எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் முழு ஓய்வு என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கணுக்கால் முறிந்த யாருக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

பிரச்சினையைக் கிளப்பியவன் மங்கையின் தம்பி குணா. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவன். புதுச்சேரியில் இது ஒரு தொழில் படிப்பு மாதிரி. அங்கே வேலை தேடிக்கொண்டிருந்த நாளில், விண்வெளி ஆராய்ச்சிக்காக ஆரோக்கியமான ஆட்களை இரண்டு மாதம் படுக்கவைக்கிறார்கள், சம்பளமும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்துவிட்டான். எடையற்ற இடத்தில் உடம்புக்கு என்ன ஆகும் என்று தரையிலேயே பார்ப்பதற்கு அதுதான் வழியாம். சாரத்தில் அவன் அம்மா போனில் இதைக் கேட்டு, பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, சொல்ல வெட்கப்பட்டுக் கதை விடுகிறான் என்று கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். வேலாயுதத்தின் கருத்து வேறு. "நம்ம ஊர்ல படுத்துக்கினே சம்பளம் வாங்கறவன் எத்தினி பேரு. அதுக்கு எதுக்கு மேடம் பிரான்சு?"

லீவில் வந்திருந்த குணா அக்காவைப் பார்க்க வந்தான். மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. நேராக டாக்டர் அந்துவானிடம் போய் நின்றான். நானும் அறையில் இருந்தேன்.

"சார், தலைப்பக்கம் பள்ளம், கால்பக்கம் மேடு, அந்த மாதிரி கட்டில்ல எங்கள போட்டாங்க. சாப்பாடு, குளிக்கறது, எல்லாம் படுத்துக்கினே. உக்காந்தா ஆட்டம் க்ளோஸ். சில பேருக்குப் படுத்துக்கினே காலால ஒதைக்கிற மெஷின் குடுத்தாங்க. எனக்குக் குடுக்கல, நான் சும்மா இருக்கற கட்சி. எறங்குற அன்னிக்கு அவனுங்க நின்னானுங்க. என்னை நாலு பேரு புடிச்சும் கண்ணு இருட்டிக்கினு வந்துடுச்சி. ஃபுட்பால் ஆடுன காலு சார் இது."

"அப்புறம் சரியாயிடுச்சில்ல?" என்றார் டாக்டர்.

"எனக்கு ஆயிடுச்சி. எனக்கு நோய் இல்ல. அக்காவுக்குப் போனது திரும்பி வருமா?"

மூன்று பேருக்கும் பதில் தெரியும். தசை நோய் உள்ளவர்கள் படுத்து இழக்கிற பலம் பெரும்பாலும் திரும்புவதில்லை. எலும்பு கூடும், மாவுக்கட்டைப் பிரிப்பார்கள், மங்கை எழுந்திருக்க மாட்டாள். யாரையும் குறை சொல்லவும் முடியாது.

ஏழுமலையைக் கூப்பிட்டு, அவளை ஒரு மேசையில் கட்டித் தினமும் கொஞ்சம் நிற்கவைக்க வேண்டும் என்று சொன்னோம். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எலும்பு டாக்டரு ரெஸ்ட்டுன்னாரு, நீங்க நிக்க வைக்கணும்ன்றீங்க. என் உயிர் இருக்கற வரைக்கும் இவ காலு தரையில படாம நான் பாத்துக்குவேன் சார்."

"முசியே, அதான் எனக்குப் பயம்" என்றார் டாக்டர்.

அப்போது மங்கை வாயைத் திறந்தாள். அதுவரை அவளை யாரும் கேட்கவே இல்லை. "எனக்கு ஓடணும்னு இல்ல. பாத்ரூமுக்கு நானே எழுந்து போவணும். தாப்பா போட்டுக்கணும். அது போதும். நீ தங்கமா பாத்துக்கற, இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாத்துக்கும் உன்னக் கூப்புட்டு, நீ தூக்கிக்கினு போயி உக்கார வச்சி, வெளிய நின்னுக்கினு 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேக்கற. செத்துடலாம் போல இருக்குது."

ஏழுமலை வெளியே போய்விட்டான். மறுநாள் இன்ச் டேப்போடு வந்தான். "அந்த டேபிள் எப்பிடி இருக்கணும்? அளவு சொல்லுங்க மேடம்."

அந்த டேபிள் என்றால் சாய்மேசை. படுத்திருப்பவரைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி நிற்கவைப்பது. நிர்வாகத்திடம் முன்பே ஒன்று கேட்டிருந்தோம். எத்தனை பேருக்குப் பயன்படும் என்று கேட்டார்கள். "இப்போதைக்கு ஒருத்தர்" என்றார் டாக்டர். பொய் சொல்லத் தெரியாதவர் எதையும் யாரிடமும் கேட்கக் கூடாது. ஆக, மேசை மேட்டுப்பாளையத்தில் தயாரானது. ஏழுமலை வேலை முடிந்த பிறகு அங்கேயே தங்கி வெல்டு வைத்தான். நிமிர்த்துவதற்கு ஒரு கைச்சுற்றி. அதன் பல்சக்கரம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. கொஞ்சம் வேகக்காரச் சக்கரம், ரெண்டு சுற்று சுற்றினால் ஆள் கால்வாசி நிமிர்ந்துவிடும். வழக்கம்போல் டாக்டர்தான் முதலில் ஏறினார். இறங்கி வந்து "துஸ்மாமா சுத்தணும்" என்று வேலாயுதத்திடம் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டுக் கட்டிலின் கால்பக்கத்துக்குச் செங்கல் அண்டை கொடுக்கச் சொல்லி, பகல் முழுக்கத் தலை தாழப் படுத்துக்கொண்டார். குணா பக்கத்தில் உட்கார்ந்து விதிமுறை சொன்னான். மத்தியானத்துக்குள் டாக்டரின் முகம் உப்பி, மூக்கு அடைத்து, முதுகு பிடித்துக்கொண்டது. சாயங்காலம் எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு பகலுக்கே இப்பிடி" என்று மட்டும் சொன்னார். எலும்பு டாக்டர் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, "அந்துவான், ராக்கெட் எப்போ கிளம்புது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் நல்ல மனிதர். முறிந்த காலில் துளியும் பாரம் விழாது என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

வேலை இப்படி நடந்தது. காலையில் படுத்தபடியே பயிற்சி. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதை அமுக்க வேண்டும். நல்ல காலால் பழைய சைக்கிள் ட்யூபை உதைக்க வேண்டும். பிறகு மேசை. மார்பு, இடுப்பு, முழங்கால் மூன்று இடத்திலும் பட்டை. நல்ல காலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை, மாவுக்கட்டுப் போட்ட கால் தரை தொடாமல் தொங்கும். வேலாயுதம் சுற்றுவார், நான் ரத்த அழுத்தம் பார்ப்பேன், டாக்டர் அவளுடைய மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலுதட்டில் வியர்த்தால் எச்சரிக்கை. கொட்டாவி விட்டால் உடனே இறக்க வேண்டும், அடுத்தது மயக்கம்.

பாதிச் சாய்வு வரை வந்தாள். அதற்கு மேல் போகவில்லை. தினமும் பாதி, தினமும் கொட்டாவி, தினமும் இறக்கம். படுத்திருந்த உடம்பில் ரத்தம் காலுக்கு இறங்கினால் திரும்ப மேலே ஏற மறந்துவிடுகிறது. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. அவளுடைய தொடையின் அளவு போன வருட அளவைவிட இறங்கத் தொடங்கியது. குணா பிரான்சுக்குக் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. இந்த வாரத்தோடு பார்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மங்கையிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரத்தில் நவம்பர் முதல் தேதி வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நாடு ஆகஸ்டில் விடுதலையானது. பிரெஞ்சுக்காரர்கள் எங்களை விட்டுப்போனது பிறகு ஒரு நவம்பரில். அது சட்டப்படி உறுதியானது இன்னொரு ஆகஸ்டில். எனவே எங்களுக்குச் சுதந்திரம் தவணை முறையில் வந்தது, ஒவ்வொரு தவணைக்கும் கொடியேற்றம் உண்டு. நவம்பர் ஒன்று விடுமுறை நாள். ஆனால் தசைக்கு லீவு கிடையாது என்று டாக்டர் எங்களை வரச் சொல்லியிருந்தார்.

மங்கையை மேசையில் கட்டிப் பாதிச் சாய்வில் நிறுத்தியிருந்தோம். நான் அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏழுமலையும் குணாவும் கதவோரம் நின்றார்கள். டாக்டர் வராந்தாவில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் கொடி ஏறியது, ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் தொடங்கியது.

வேலாயுதம் மில்லில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். கொடி, பாட்டு, மரியாதை என்றால் அவருக்கு உயிர். அவர் மங்கையைப் பார்த்தார். நாட்டுப்பண் பாடும்போது ஒரு மனுஷி சாய்ந்துகொண்டு கிடப்பதா? அவருக்குப் பொறுக்கவில்லை. கைச்சுற்றியைப் பிடித்து விர்ரென்று சுற்றினார். மங்கை நேராக நிமிர்ந்துவிட்டாள். அவரும் கையை எடுத்து, இரண்டு பக்கமும் ஒட்டவைத்து, விறைப்பாக நின்றுவிட்டார்.

நான் ஓடிப்போய் அவளை இறக்கியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த மெட்டு காதில் விழுந்ததும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய உடம்பு தானாக விறைத்துக்கொண்டது. கையில் ரத்த அழுத்த ரப்பர் பந்தோடு நான் நின்றேன். ஏழுமலை நின்றான். குணா பிரெஞ்சுக் குடிமகன், அவனும் நின்றான். டாக்டர் அறைக்குள் ஒரு கால் வைத்தார், மங்கையைப் பார்த்தார், அவரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நாட்டுக்கு மரியாதையாக ஐந்து கம்பங்கள். நடுவில் ஒரு பெண் வெளுத்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக வந்துவிட்டது.

அப்போது டாக்டர் உதடு அசையாமல் பேசினார். "மதாம், தொடைய இறுக்குங்க. துஸ்மாம். விடுங்க. இறுக்குங்க. விடுங்க." பாட்டின் தாளத்திலேயே சொன்னார். மங்கை இறுக்கினாள், விட்டாள். நோய் தொடாமல் விட்ட அந்த ஒரே தசையை இறுக்கி இறுக்கி, காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை லேசாக ஏறி இறங்கியது. கொட்டாவி வரவில்லை. என் வாழ்க்கையில் நாட்டுப்பண் அவ்வளவு நீளமாக ஒலித்ததே இல்லை.

கடைசி வரி முடிந்ததும் வேலாயுதம் பதறிக்கொண்டு கைச்சுற்றிக்குப் பாய்ந்தார். "இருங்கண்ணே, எறக்காதீங்க" என்றாள் மங்கை. "இத்தினி நாளா ஃபேனத்தான் பாத்துக்கினு இருந்தேன். இப்பதான் ஜன்னல் தெரியுது. கொடி தெரியுது."

டாக்டர் வேலாயுதத்தை இரண்டு மொழியில் திட்டினார். பிரெஞ்சில் திட்டியது அவருக்குப் புரியக் கூடாது என்பதற்காக, தமிழில் திட்டியது புரிய வேண்டும் என்பதற்காக. பிறகு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை நாளும் அவளை மேசையில் கட்டி, மயக்கம் வருகிறதா என்று காத்திருக்க மட்டும் வைத்திருந்தோம். செய்வதற்கு ஒரு வேலை கொடுக்கவில்லை. குணாவின் பாஷையில் அவளை 'சும்மா இருக்கற கட்சி'யில் போட்டிருந்தோம். மறுநாளிலிருந்து மணிக்கூண்டும் கடிகாரமும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு நாட்டுப்பண் நேரம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. வேலாயுதம் வாயாலேயே முணுமுணுப்பார், மங்கை தொடையை இறுக்குவாள்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு சில நாட்கள் கழித்து, பாதத்துக்குத் தாங்குபட்டை போட்டு, கம்பு ஊன்றி, வார்டின் கோடியில் இருந்த பாத்ரூமுக்கு நடந்தாள். ஏழுமலை இரண்டு கையையும் நீட்டியபடி பின்னாலேயே போனான். "தாப்பா மட்டும் போடாத மங்கை, உனக்குப் புண்ணியமா போவும்" என்று கெஞ்சினான். கதவு மூடியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் சலவை அறைப் பக்கம் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

டாக்டர் இதையெல்லாம் எழுதி ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஒரே ஒரு நோயாளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "முதல்ல ராக்கெட்ல மேல போனவரும் ஒரே ஆளுதானே" என்றார் டாக்டர். அவ்வளவுதான், அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தப் பொன்னாடை அவருக்குப் போயிருக்கும், அவர் அதைப் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போயிருப்பார்.

இப்போது விழாவுக்கு வருகிறேன். மங்கை வந்திருந்தாள். நோய் நின்றுவிடவில்லை, அது தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கைகளுக்கு வந்துவிட்டதால் தையல் நின்றுபோய்விட்டது. வீட்டுக்குள் மட்டும் சுவரைப் பிடித்து நடக்கிறாள், வெளியே சக்கர நாற்காலி. ஏழுமலை அவளுடைய நாற்காலியை இரண்டாவது வரிசை ஓரத்தில் நிறுத்தியிருந்தான். நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன்.

தமிழ்த்தாய் வாழ்த்துத் தொடங்கியது. எல்லாரும் எழுந்தோம். மங்கையும் எழத் தொடங்கினாள். உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து, இடுப்பை முன்னே நகர்த்தி, முழங்காலைப் பூட்டி, அங்குலம் அங்குலமாக ஏறினாள். அவள் முழுதாக நிமிர்ந்தபோது பாட்டு முடிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். மங்கை உட்காரவில்லை.

பின்வரிசையில் யாரோ "மறைக்குதும்மா" என்று சொல்வது மேடை வரை கேட்டது. ஏழுமலை குனிந்து ஏதோ கெஞ்சினான். அவள் சொன்ன பதிலை அவன் எனக்குப் பிறகு சொன்னான். "கடைசில நாட்டுப்பண்ணுக்கு எழுந்திரிக்கணும்ல? உக்காந்தா இன்னொரு தரம் எழுந்திரிக்க என்னால ஆவாது. இப்பிடியே இருந்துடறேன்."

நம் ஊர் விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். வரவேற்புரை நடந்தது. முன்னிலை வகித்தவர் முன்னிலை வகிப்பது பற்றிப் பேசினார். தலைமை தாங்கியவர் தன் இளமைக் காலத்துக்குப் போய் ரொம்ப நேரம் திரும்பவில்லை. பொன்னாடைகள் போர்த்தினார்கள், புகைப்படத்துக்காக மறுபடி போர்த்தினார்கள். விண்வெளி மருத்துவத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் மட்டும் உருப்படியாகப் பேசினார். தலை தாழ்ந்த கட்டில்களின் படத்தைத் திரையில் காட்டினார். விண்வெளியிலிருந்து திரும்பிய வீரர்களை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வரும் படத்தைக் காட்டினார். அரங்கம் கைதட்டியது. எனக்கு ஏழுமலை மங்கையை ஏந்திக்கொண்டு வந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. ஒரே ஒரு விண்வெளி வீரரைப் பல மாதம் அளந்து எழுதியதைப் பற்றியும் சொன்னார், அது மிக மதிப்புள்ள ஆராய்ச்சியாம். திரும்பி வந்தவர்களை நிற்கவைத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று சோதிப்பதை விளக்கினார். எதிரே ஒருத்தி அந்தச் சோதனையில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாக ஏறி இறங்கியது. இறுக்குகிறாள், விடுகிறாள், இறுக்குகிறாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். நாலு பக்கம் தயார் செய்திருந்தேன். டாக்டர் அந்துவான், குணா, வேலாயுதம், அளந்துவைப்பது, ஓய்வு என்ற மருந்து, எல்லாம் அதில் இருந்தது. "அனைவருக்கும் வணக்கம்" என்றேன்.

மங்கை கொட்டாவி விட்டாள்.

இறங்கிப்போய் அவளை உட்காரச் சொல்லலாம். உட்கார மாட்டாள், எனக்குத் தெரியும். நான் கையில் இருந்த தாள்களை மடித்தேன். "அனைவரும் எழுந்து நிற்கவும், நாட்டுப்பண்" என்றேன். தொகுப்பாளர் ஓடிவந்து, "மேடம், நன்றியுரை இருக்கு" என்று காதருகே பதறினார். ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றியுரையைப் பற்றிக் கவலை இல்லை, அவர் பாட்டைப் போட்டுவிட்டார். தலைவர்கள், விருந்தினர், டாக்டர்கள், மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. அந்த அரங்கில் கஷ்டப்பட்டு நின்றவள் ஒருத்திதான். கடைசி வரி வரை நின்றாள்.

பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து வேகமாக இறங்கினேன். ஏழுமலை அவளைத் தாங்கி உட்காரவைத்திருந்தான். முகமெல்லாம் வியர்வை. என் கை தானாக அவள் நாடிக்குப் போனது. அவள் கையை உதறிவிட்டு என்னை முறைத்தாள்.

"இன்னா மேடம் நீங்க? நீங்க பேசறதக் கேக்கத்தான் சாரத்துலேந்து வந்து இவ்ளோ நேரம் நின்னேன். ஒரு வார்த்த பேசல. பொன்னாட மட்டும் போத்திக்கினு வந்துட்டீங்க."